தாள் புரட்டுகிறவள்

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தபோதுதான் எனக்கே தெரியும். அடுத்த மாதம் இருபத்தேழாம் தேதி நம் பாரிஷ் ஹாலில் ஓபோ, பியானோ கச்சேரி. ஓபோ என்கிற ஊதுகுழலை வாசிக்கப் போகிறவள் டாக்டர் செல்லையாவின் மகள் ஜெமிமா. ஜெர்மனியில் படித்து, அங்கே இரண்டு பெரிய பரிசு வாங்கி, சொந்த ஊரில் முதல் தடவையாக வாசிக்கிறாள். சந்தோஷம். பியானோ வாசிக்கச் சென்னையிலிருந்து ஆரோன் என்று யாரோ வருகிறானாம்.

யாரோ ஆரோன். அந்தப் பியானோவுக்குள் ஈரம் ஏறாமல் மழைக்காலமெல்லாம் பல்பு எரியவிட்டது யார்? பாச்சை உருண்டை போட்டது யார்? முப்பத்தெட்டு வருஷமாக இந்தக் கோவிலில் ஆர்கன் வாசிப்பது யார்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்கன் ஸ்டூலில் உட்கார்ந்து, பத்தோடு பதினொன்றாக நானும் அறிவிப்பைக் கேட்டேன்.

அதே மூச்சில் சபைக் கமிட்டிச் செயலர் ஜெபதுரை இன்னொரு தீர்மானத்தையும் வாசித்தார். செப்டம்பர் முதல் ஆர்கன் வாசிக்கிறவர்கள் ஐந்து கோட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். காதால் கேட்டு கீபோர்டில் தட்டுகிற பையன்களை நிறுத்துவதற்காம். வெளியே வரும்போது என்னிடம் சிரித்தார். "உங்களுக்கு என்ன அத்தை! நீங்க எப்பவும் புஸ்தகத்த விரிச்சு வச்சுத்தான வாசிக்கீங்க. இது அந்தப் பயலுவளுக்கு."

புத்தகம் விரித்துத்தான் இருக்கும். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

மத்தியானம் மீன் குழம்பில் புளி தூக்கல். தங்கை குளோரி என்னோடு வந்து இருக்கும் இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது புளி சரியாக இருந்ததில்லை.

ஜூலை 2, செவ்வாய்

போதகர் வீட்டுக்குப் போனேன். நேராகவே கேட்டேன். இந்தச் சபையில் பியானோ வாசிக்க ஆள் இல்லையா என்று.

"கேக்கணும்னுதான் இருந்தேன் அத்தை. ஆனா ஜெமிமாவும் அந்தத் தம்பியும் ஏற்கெனவே சேர்ந்து வாசிச்சவங்க. கஷ்டமான உருப்படி வேற."

"கஷ்டம்னா எனக்கு முடியாதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா மேடையில நீங்க கண்டிப்பா இருக்கணும். பியானோ வாசிக்கிறவருக்குத் தாள் புரட்ட ஒரு ஆள் வேணும். குறிப்பு படிக்கத் தெரிஞ்சவங்கதான் அதச் செய்ய முடியும். நம்ம சபையில உங்கள விட்டா யாரு இருக்கா?"

தாள் புரட்ட! முப்பத்தெட்டு வருஷம் வாசித்தவளுக்கு வேறொருத்தன் வாசிப்பதற்குப் பக்கத்தில் நின்று தாள் புரட்டுகிற வேலை. முகத்தில் அடித்தமாதிரி முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று கேட்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குளோரியிடம் சொன்னதும் கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீ எதுக்குக்கா ஒத்துக்கிட்ட? உனக்குத்தான் அந்தக் கோடு..."

"பால் பொங்குது பாரு" என்றேன்.

அடுப்பில் பால் இல்லை. ஆனாலும் எழுந்து போனாள்.

ஜூலை 6, சனி

காஸ் வந்தது. சிலிண்டர் போடுகிறவன் செருப்போடு அடுக்களை வரை வந்தான். சத்தம் போட்டேன்.

ஜூலை 15, திங்கள்

ஜெமிமா வந்துவிட்டாள். ஹாலில் பார்த்தேன். இருபத்தைந்து வயசு. தலைமுடியைப் பையன் மாதிரி வெட்டியிருக்கிறாள். வாசிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒரு சின்னக் கத்தியை வைத்துக்கொண்டு நாணல் துண்டைச் சீவினாள். மருந்துக் குப்பியில் தண்ணீர் ஊற்றி அதில் ஊறப்போட்டாள். அதை வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் காக்கைக் குஞ்சு சத்தம். மறுபடி சீவினாள்.

ஜெபதுரை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, நாயனம் மாதிரி இருக்கு. கோயில் கொடைக்கா வாசிக்கப் போற?"

"நாயனத்துக்குத் தங்கச்சிதான் மாமா இது. ரெண்டுக்கும் சீவாளிதான் உயிரு. நீங்க ஊதிப் பாக்கீங்களா?"

அவரும் வாங்கி ஊதினார். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கடைசியில் ஒரு ஆட்டுக்குட்டி கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இவர்களோடு சேர்ந்து சிரிக்க நான் அங்கே போகவில்லை.

பிறகு அவள் உண்மையாகவே வாசித்தாள்.

அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நன்றாக வாசிக்கிறாள். அதற்கு என்ன இப்போது?

ஜூலை 18, வியாழன்

ஆரோன் காலை ரயிலில் வந்தான். ஒல்லி. ஒரு காதில் வளையம். பியானோவைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக அமுக்கிப் பார்த்தான். "நல்லா பாத்துக்கிட்டிருக்காங்களே, யாரு?" என்றான். யாரும் பதில் சொல்வதற்குள் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்துத் தாள் வைக்கும் சட்டத்தில் சாய்த்தான். தரையில் தையல் மிஷின் மிதி மாதிரி ஒன்றை வைத்தான். காலால் ஒரு தட்டு. திரையில் பக்கம் மாறியது. இன்னொரு தட்டு. இன்னொரு பக்கம்.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அதுவே மாறிக்கிடுமா?"

"ஆமா ஆன்ட்டி. ஊரெல்லாம் இப்போ இதான்."

"அப்ப நான் எதுக்கு?"

அவன் ஜெமிமாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "போதகர் ஐயாதான் சொன்னாங்க அத்தை. நீங்களும் மேடையில இருந்தா எல்லாருக்கும் ஒரு சந்தோஷமா இருக்கும்னு."

கல்யாண மண்டப வாசலில் கைகூப்பி நிற்குமே ஒரு பொம்மை, அந்த வேலை எனக்கு. அழுதுவிடக்கூடாதே என்று குழந்தையின் கையில் கொடுக்கிற கிலுகிலுப்பை.

"டேப்லெட்ட எடுத்து உள்ள வை. தாள்ல அச்சடிச்சுட்டு வா. நான்தான் புரட்டுவேன்."

"ஆன்ட்டி, நீங்க கஷ்டப்பட வேணாம். பக்கத்துல சும்மா உக்காந்தாலே போதும்."

"சும்மா உக்காரதுக்கு எங்க வீட்லயே நாற்காலி இருக்கு."

அவன் தோளைக் குலுக்கினான். ஜெராக்ஸ் கடைக்குப் போய் முழுவதையும் அச்சடித்து, சுருள் கம்பி போட்டு எடுத்து வந்தான். ஒரு பக்கம் மட்டும் அச்சு. இருபத்திரண்டு தாள்.

குளோரி கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தாள். "தன்னால மாறுறத நிப்பாட்டிட்டு நீ மாத்தப் போறியா? ஏக்கா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

ஃபேனை ஐந்தில் வைத்தேன். அது போடுகிற சத்தத்தில் அவள் பேசியது கேட்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

தாள்களை வீட்டுக்கு வாங்கி வந்து பார்த்தேன். அச்சு சரியில்லை. கடுகு தாளிக்கும்போது சுவரில் எண்ணெய் தெறித்த மாதிரி இருக்கிறது. இப்படி அச்சடித்தால் யாரால் படிக்க முடியும்? என்னிடம் இருக்கிற டோ, ரே, மி எழுத்தில் போட்ட பாட்டுப் புத்தகம் எவ்வளவு தெளிவு! பாடகர் குழுவுக்கு இத்தனை வருஷமாக அதை வைத்துத்தான் நாலு குரலும் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் கமிட்டிக்கு அது கணக்கில் சேராது. அவர்களுக்குக் கோடு வேண்டும்.

சாயங்காலம் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

ஒத்திகைக்குப் போய் உட்கார்ந்தேன். பையன் பியானோவை அடித்து உடைத்துவிடக் கூடாதே என்று பார்க்கத்தான்.

"ஒவ்வொரு தாள் முடியும்போதும் நான் தலையாட்டுறேன் ஆன்ட்டி."

"நீ தலையாட்ட, நான் கையாட்ட, இது என்ன பூம்பூம் மாட்டு வித்தையா? எனக்குத் தெரியும். நீ வாசி."

ஜெமிமா களுக்கென்று சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

முதல் தடவை வாசித்தபோது நான் புரட்டவில்லை. கைகட்டிக்கொண்டு, அவன் எப்போது கையை எடுத்துப் புரட்டுகிறான் என்று பார்த்தேன். இரண்டாம் தடவையும் பார்த்தேன். "ஏன் ஆன்ட்டி?" என்றான். "உன் வேகம் தெரிய வேண்டாமா?" என்றேன்.

ஜூலை 22, திங்கள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டியிருந்தவள் நான். டிரங்க் கால் வந்தால் "ஹலோ" என்ற ஒரு சொல்லில் தூத்துக்குடியா திருச்செந்தூரா என்று சொல்வேன். எனக்கு இது ஒரு பெரிய விஷயமா?

முதல் தாள் முழுக்கப் பியானோ மட்டும். ஓபோ மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டதும் புரட்ட வேண்டும். இரண்டாவது, ஓபோ மேலே ஏறி இறங்கும்போது. மூன்றாவது, இடது கை கனத்த சுரத்தில் மூன்று முறை இடித்ததும். இன்று முதல் பாகம் முழுக்க ஒரு தாளும் தப்பவில்லை. ஆரோன் "செம ஆன்ட்டி" என்றான். அவன் சர்டிபிகேட் யாருக்கு வேண்டும்?

முதல் பாகத்தின் முன்பாதியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும் என்று குறிப்பில் போட்டிருக்கிறதாம். ஜெமிமா வேண்டாம் என்றுவிட்டாள். உதடு தாங்காதாம். ஒரே தடவை. நல்லது.

குளோரி ரேஷன் கடைக்குப் போய் பாமாயில் இல்லாமல் திரும்பி வந்தாள்.

ஜூலை 24, புதன்

இன்று இரண்டாம் பாகம். மெதுவானது. அந்தப் பெண் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நிற்கிறாள், முகம் சிவந்துபோகிறது. மூச்சு போதவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல அத்தை, இதுல மூச்சு மிஞ்சிப் போயிரும். ஓட்டை அவ்வளவு சின்னது. உள்ள இழுத்தது வெளிய போக வழி இருக்காது. அத அடக்கிக்கிட்டே வாசிக்கணும். நடுவுல வெளிய விடத் தெரியலன்னா மயக்கமே வந்துரும்."

எனக்குக் கோபமாக வந்தது. எதற்கென்று தெரியவில்லை. பதினான்காவது தாளைக் கொஞ்சம் வேகமாகவே புரட்டினேன். முதல் நாள் இரவு தூக்கம் சரியில்லை.

ஜூலை 25, வியாழன்

அழைப்பிதழ் வந்தது. பளபளவென்று. சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஜெபம், வரவேற்புரை, அப்புறம் கச்சேரி. என் பெயர் கடைசியில், ஒலிபெருக்கிக்காரர் பெயருக்கு மேலே.

சனிக்கிழமை ஆறரைக்கு மறுநாள் ஆராதனைக்காகக் கோவில் மணி அடிக்கும். நூறு வருஷத்துக்கு மேலாக அடிக்கிறது. கோபுரம் ஹாலுக்கு அடுத்த சுவர். மணி அடிக்கிற ஆபிரகாம் அழைப்பிதழ் பார்க்கிற ஆள் இல்லை, சொன்னால்தான் தெரியும். வாரா வாரம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன இந்தக் கமிட்டிக்கு அது ஞாபகமே வரவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 27, சனி

கச்சேரி முடிந்தது. எழுதப் பிடிக்கவில்லை. குளோரி தோசை வார்த்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு. மத்தியானம்

நேற்று நடந்ததை முதலில் எழுதுகிறேன்.

ஹால் நிறைய ஜனம். ஜெபதுரை முதல் வரிசையில், நடுவில். அவருடைய வரவேற்புரையே கால் மணி நேரம். ஆரோன் முதல் தாளை வாசித்தான், ஓபோ மூச்சு இழுத்தது, புரட்டினேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது தாள் பாதியில் மணி அடிக்க ஆரம்பித்தது.

டாங், டாங் என்று ஆபிரகாம் தன் முழு பலத்தையும் காட்டினார். ஓபோ இருந்த இடம் தெரியவில்லை. ஜெமிமாவின் உதடு அசைகிறது, விரல் ஓடுகிறது, சத்தம் மட்டும் மணியுடையது. யாரோ ஒருத்தர் வெளியே ஓடினார். முன்பாதி முடியப்போகிற நேரத்தில் மணி நின்றது. அந்தப் பெண் ஓபோவை வாயிலிருந்து எடுக்காமலே ஆரோனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவ்வளவுதான். அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"முன்பாதி ரிப்பீட் ஆன்ட்டி. பின்னாடி போங்க."

எங்கே? எவ்வளவு பின்னால்? நான் கற்றது எல்லாம் முன்னால் போவதற்கு. எந்தச் சத்தத்தில் ஒரு தாள் முடிகிறது என்று எனக்குத் தெரியும். எந்தத் தாள் எந்தச் சத்தத்தில் ஆரம்பிக்கிறது என்று தாளைப் பார்த்தால் தெரியாது. அவன் கை நிற்கவில்லை. மறுபடி முதலிலிருந்து என்றால் முதல் தாள்தானே என்று மொத்தமாக முதல் தாளுக்குப் புரட்டினேன். அது பியானோ மட்டும் வாசிக்கிற தாள், திரும்ப வாசிப்பதில் சேராது. ஓபோ ஏற்கெனவே இரண்டாவது தாளில் பாடிக்கொண்டிருந்தது.

"அது இல்ல, அடுத்தது" என்று அவன் வலது கையை நீட்டினான். நானும் நீட்டினேன். இருவர் கையும் மோதி, புத்தகம் சட்டத்திலிருந்து சரிந்து கட்டைகள் மேல் விழுந்தது. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஹாலில் "ஐயோ" என்றது ஒரு குரல். இரண்டு குழந்தைகள் சிரித்தன. ஆரோன் தாள் இல்லாமலே ஞாபகத்தில் தடவித் தடவி வாசித்தான். தப்புத் தப்பாக. ஜெமிமா நிற்கவில்லை. தனியாகப் போய்க்கொண்டே இருந்தாள், பின்னால் வீடு எரிந்தாலும் திரும்பிப் பார்க்காதவள் மாதிரி. நான் புத்தகத்தை எடுத்து வைத்து, அவன் விரலால் தொட்டுக்காட்டிய தாளைத் திறந்தேன். அதற்கப்புறம் கடைசித் தாள் வரை ஒன்றும் தப்பவில்லை.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளுக்குத் தட்ட வேண்டியதுதான். இரண்டாம் பாகத்தில் டாக்டர் செல்லையா கைக்குட்டையை எடுத்ததை நான் பார்த்தேன்.

டீ கொடுக்கும் இடத்தில் ஜெபதுரை ஆரோனின் தோளைத் தட்டினார். "என்ன தம்பி, நடுவுல புஸ்தகத்தத் தள்ளி விட்டுட்டீங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஸாரி சார். என் கை பட்டுடுச்சு."

டீ டம்ளர் கையில் சுட்டது. யார் இவனிடம் கேட்டது? வந்து பத்து நாள் ஆகாத பையன், காதில் வளையம் போட்டவன், என்னைக் காப்பாற்றுகிறானாம்! நான் பொம்மையாக உட்கார மாட்டேன் என்று சொன்னேன். இவன் என்னைத் தூக்கிக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். அவனை வெளியே கூட்டிப்போய்க் கேட்டேன்.

"எதுக்குல பொய் சொன்ன?"

"விடுங்க ஆன்ட்டி. நான் நாளைக்கு நைட் ஊருக்குப் போயிடுவேன். நீங்க இங்கயே இருக்கணும்."

தெரிந்துவிட்டது இவனுக்கு. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

இனி இன்று காலை.

ஆர்கனில் வழக்கம்போல் புத்தகத்தை விரித்து வைத்தேன். பிரசங்கம் நீளம். பிறகு ஜெபதுரை அறிவிப்புக்கு எழுந்தார். கச்சேரிக்கு நன்றி சொன்னார். ஒலிபெருக்கிக்கு நன்றி, டீக்கு நன்றி. அப்புறம் மூன்றாவது வரிசையில் ஜெமிமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோனைப் பார்த்துச் சிரித்தார்.

"பியானோ வாசிச்ச தம்பி சென்னையில பெரிய ஆளுன்னாங்க. பாளையங்கோட்டை மணிச் சத்தத்துல கொஞ்சம் பயந்துட்டாரு! நல்ல வேளை, பக்கத்துல நம்ம சுகிர்தபாய் அத்தை இருந்தாங்களோ, தம்பி தப்பிச்சாரு."

சபை முழுவதும் சிரித்தது. அந்தப் பையனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

எழுந்து நின்றேன். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஜெபதுரை, நிறுத்து."

முப்பத்தெட்டு வருஷத்தில் ஆராதனையில் என் குரலை யாரும் தனியாகக் கேட்டதில்லை.

"தாளத் தப்பாப் புரட்டினது நான். அந்தப் பையன் இல்ல. அவன் கை மேல நான்தான் போய் இடிச்சேன்."

"அத்தை, பரவால்ல, யாருக்கும் வரக்கூடியதுதான..."

"நான் இன்னும் முடிக்கல. ஏன் தப்பாப் புரட்டினேன்னா, எனக்கு அந்த அஞ்சு கோடு படிக்கத் தெரியாது. நேத்தும் தெரியாது, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாலயும் தெரியாது. இந்தப் புஸ்தகம் சும்மா விரிஞ்சு கெடக்கு. உங்க அம்மாவ அடக்கம் பண்ணின அன்னிக்கு நான் வாசிச்சேன். உன் கல்யாணத்துக்கு வாசிச்சேன். உன் மகளுக்கு வாசிச்சேன். எந்த அன்னிக்குத் தப்பா இருந்துச்சு? சொல்லு. இத்தன பேரு இருக்காங்க, யாராவது சொல்லுங்க, எந்த ஞாயித்துக்கிழமை?"

ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. பெண்கள் பக்கம் குளோரி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஆரோன் இப்போது சிரிக்கவில்லை. அது போதும் எனக்கு.

"செவ்வாய்க்கிழமை கமிட்டியில பேசுவோம் அத்தை" என்றார் ஜெபதுரை, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. மூடியது சரியாக மூடவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

"பேசு. இப்ப ஞாயித்துக்கிழமைதான."

போதகர் அவசர அவசரமாகக் காணிக்கைப் பாட்டின் எண்ணைச் சொன்னார். ஜெமிமா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், விழுந்த ஸ்டூலை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள். உட்கார்ந்தேன். புத்தகத்தை மூடி அவள் பின்னால் நீட்டினேன். அவள் திரும்பிப் பார்க்காததால் கீழே தரையில் வைத்தேன்.

எல்லோருக்கும் வசதியான சுருதி எது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதில்தான் வாசித்தேன். ஆண்களுக்குக் குரல் உடையாது, கிழவிகளுக்கு மூச்சு முட்டாது. இன்று அதிலிருந்து இரண்டு கட்டை ஏற்றிப் பிடித்தேன். முதல் சரணத்திலேயே பாடகர் குழு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. இரண்டாவதில் ஆண்கள் பக்கம் பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். ஜெபதுரை நிறுத்தவில்லை. கையில் காணிக்கைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, என்னைப் பார்த்தபடியே பாடினார். மூன்றாவதில் அவர் குரல் உடைந்தது.

நான்காவது சரணத்துக்கு இன்னும் ஒரு கட்டை ஏற்றினேன்.